மல்லாட்டை என்று ஒரு குழு

வெள்ளிக்கிழமை, திண்டிவனம்.

எங்கள் கல்லூரியின் கட்டற்ற மென்பொருள் பயனர் குழுவுக்கு ஒன்பது பேரும் கைதூக்கித் தேர்ந்தெடுத்த பெயர், மல்லாட்டை. இன்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாம்மா இது, கடலை விக்கப் போறீங்களா? நம்ம தாளாளரோட அப்பா பேர வச்சிக்கினு வா. சனிக்கிழமை லேப் தொறந்து வுடச் சொல்றேன்.”

“பஸ்ல அவரு பேரு, பில்டிங்ல அவரு பேரு. இது ஒண்ணாவது நாங்க வச்சதா இருக்கட்டும் சார்.”

“அப்ப லேப் கெடையாது.”

கூலிக்கு மல்லாட்டை ஆய்ந்துதான் அம்மா என்னைப் படிக்க வைக்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

லேப் இல்லாவிட்டால் போகட்டும். மாலையில் கல்லூரி முடிந்து, திண்டிவனம் திரும்ப விழுப்புரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதே, தோழி செல்வியின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட ஆரம்பித்தோம். பாதியில், இந்தக் கணினிக்கு என்ன பெயர் என்று அது கேட்டது. செல்வி என்னைப் பார்த்தாள்.

“மல்லாட்டைன்னே போடுடி.”

போட்டாள். அது சிரிக்கவில்லை. பெயரை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.