முத்து முத்தான கையெழுத்து

ஜூன் 9

வாலுவுக்கு மறுபடியும் கையெழுத்துப் பரிசு. நான்காம் வகுப்பிலும் அவள்தான் முதல். அக்கா சான்றிதழைத் தையல் மிஷினுக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டிவிட்டாள். ஏற்கெனவே அங்கே மூன்று தொங்குகின்றன. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுப்பதற்கு முன்னால் அவற்றைப் பார்த்தாக வேண்டும். "காது கேக்காத புள்ள எழுதுனதுங்க. முத்து முத்தா இருக்குல்ல?"

இருக்கத்தான் செய்கிறது. மருந்துக்கடையில் நாளெல்லாம் டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்கிற எனக்கு, அக்கா மகளின் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

வீட்டில் எல்லாருக்கும் வாலு ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறாள். அக்காவுக்கு ஊசியில் நூல் கோப்பது. லாரி ஓட்டும் மாமாவுக்கு ஸ்டியரிங். எனக்கு, ஆள்காட்டி விரலால் மூக்கைத் தட்டுவது. என்மேல் வீசும் மருந்து வாசனையாக இருக்கும்.

ஜூன் 14



அக்கா துணி கொடுக்க வெளியே போக வேண்டியிருந்தது. எனக்கும் கடை. அதனால் பள்ளி விட்டு வரும் வாலுவுக்காகக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "சாவி செருப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. திறந்து உள்ளே போ. சாப்பிடு." நான்காவது படிக்கிறாள், இது கூடவா தெரியாது?

திரும்பி வந்தால் நடையில் சாரல். வாலு தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மடியில் மறைத்து வைத்திருந்த நோட்டை நீட்டினாள். நான் ஒட்டியிருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். அடிக்கோடு உட்பட. மூன்று முறை. ஒரு பிசிறு இல்லை.

எழுதி முடித்துவிட்டு, நான் வந்து 'சரி' போடுவேன் என்று காத்திருக்கிறாள்.

ஜூன் 15

செருப்புப் பெட்டிமேலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 17

சோதித்துப் பார்த்துவிட்டேன். போன வாரம் நாலு பக்கம் எழுதிய பாடத்தை எடுத்து, இதில் நாய் எங்கே என்று கேட்டேன். படத்தைக் காட்டினாள். எழுத்தில்? விழித்தாள். பென்சிலைத் தேடினாள்.

இவளுக்குப் படிக்கத் தெரியாது. வரையத் தெரியும்.

அக்காவிடம் சொன்னேன். தையல் மிஷின் மிதியை நிறுத்தாமலே பதில் வந்தது. "நாலு வருஷமா பாஸாகிட்டு வர்றா. வாய்க்கு வந்ததப் பேசாத."

"அவளுக்கு ஒரு வார்த்தை தெரியலக்கா."

"நீ ஒண்ணு பெத்து வளத்துப் பாரு. அப்ப வந்து பேசு."

எனக்கும் கோபம். சுவரில் தொங்குவதெல்லாம் வெறும் காகிதம் என்று கத்தினேன். ஊசி ஒடிந்தது. அக்கா வேறு ஊசி மாட்டவில்லை. துணியைப் பார்த்தே சொன்னாள்: "கையால பேசாதீங்க, பேசினா வாய் வராதுன்னு டாக்டர் சொன்னாருடி. வாயும் வரல. நானும் பேசல."

புது ஊசி மாட்டிக் கொடுத்தேன்.

ஜூன் 21

பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு டீச்சர் நல்ல மாதிரி. அதுதான் எரிச்சல். "அவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க. தங்கம்." ஐம்பது பிள்ளைகள் கத்தும் அறையில் காது கேட்காத ஒருத்தி தங்கமாகத்தான் இருப்பாள். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறார். வாலுவுக்குத் தெரிவது அவருடைய பின்னல் மட்டும்.

நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில், பாடத்தின் கடைசி வரியாக, "இதை அழிக்க வேண்டாம்." பலகை மூலையில் யாரோ எழுதி வைத்தது. அதற்கும் சிவப்பு மையில் ஒரு 'சரி'!

தலைமையாசிரியையிடம் அதைக் காட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கவே வரலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அவளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் சரிப்படாதும்மா. காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னே விடுதியோட ஒரு பள்ளி இருக்கு, ஒரு நாள் பயணம். பருவத் தேர்வு வரைக்கும் பாப்போம். அப்பவும் வரலைன்னா மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிடறேன்."

பிள்ளைக்கு நியாயம் கேட்கப் போய், பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்ப வழி செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 26

வாலு மாதிரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு வந்துபோகும் சிறப்பாசிரியையைப் பிடித்தேன். வாலுவின் பதிவேட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியவர். கிழித்துவிடுவது என்றுதான் போனேன். பஸ் நிறுத்தத்தில் செருப்பைக் கழற்றி, வீங்கிய காலைத் தூக்கி வைத்திருந்தார். பதினோரு பள்ளிக்கு ஒரே ஆள். நிரந்தர வேலையும் இல்லை.

"அவ நோட்டு நல்லா இருந்துச்சு. மோசமா இருந்த பிள்ளைங்ககிட்ட ஓடிட்டேன். தப்புதான்" என்றார். பிறகு, "முதல்ல பென்சிலப் பிடுங்குங்க. எழுத விடாதீங்க. ஒரு பொருள், ஒரு சைகை, அப்புறம் சொல். பேச்சே இல்லாத வீட்டுல எழுத்து எதைப் பிடிச்சு நிக்கும்? அம்மாவும் கை பேசணும்."

திட்ட வேண்டியது இவரை இல்லை. பதினோரு பள்ளிக்கு ஒருவர் போதும் என்று கணக்குப் போட்டவன் எங்கேயோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான்.

ஜூலை 3

பென்சிலைப் பிடுங்கினேன். கடித்துவிட்டாள்.

ஜூலை 12

தினமும் ஒளித்து விளையாடுகிறோம். பிஸ்கட்டை ஒளித்துவிட்டு, இருக்கும் இடத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சைகையும் காட்டுவேன். இன்று காட்டவில்லை. "கட்டிலுக்குக் கீழே" என்ற சீட்டை மட்டும் நீட்டினேன். வாலு முதலில் வழக்கம்போல் விரலாலேயே காற்றில் அதை எழுதிப் பார்த்தாள். விரல் பாதியில் நின்றது. சீட்டைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். அப்படியே குப்புற விழுந்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். கால் இரண்டும் வெளியே துள்ளுகின்றன.

அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "தலைல தூசியோட வர்றா பாரு" என்றாள்.

ஆகஸ்ட் 2

ஞாயிற்றுக்கிழமைகளில் சிறப்பாசிரியை நடத்தும் சைகை வகுப்புக்கு அக்காவும் வருகிறாள். தையல்காரியின் விரல் இல்லையா, என்னைவிட வேகம். இன்று வாலுவும் அவளும் நெடுநேரம் கையால் சண்டை போட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். "தலைக்கு எண்ணெய் வேணாமாம். என்ன வாய் தெரியுமா இவளுக்கு!" அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

செப்டம்பர் 12

தேர்வு. தலைமையாசிரியை வாலுவைத் தன் அறைக்கே கூப்பிட்டார். நானும் அக்காவும் வாசலில். அக்கா என் கையைப் பிடித்த இடத்தில் இன்னும் சிவப்பு இருக்கிறது.

சீட்டில் கேள்விகள். சிலவற்றுக்கு விடை எழுதினாள், கோணல்மாணலாக. தலைமையாசிரியை புருவத்தைத் தூக்கினார். "என்ன இது, இருந்த எழுத்தும் போச்சே." சில கேள்விகளை அப்படியே விட்டுவிட்டாள். பார்த்து எழுதவில்லை. எனக்கு அதுவே போதும் போலிருந்தது. அவருக்குப் போதவில்லை. கடைசியாக ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்: "அலமாரியிலிருந்து மணியை எடுத்து மேசைமேல் வை."

வாலு படித்தாள். விரல்கள் சைகையாக அசைந்தன. எழுந்து போய் அந்தப் பித்தளை மணியை எடுத்தாள். மேசைக்குக் கொண்டுவந்தாள். ஒரு நொடி யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள் பாருங்கள், ஆட்டு ஆட்டென்று! இதை ஆட்டினால் எல்லாரும் வீட்டுக்கு ஓடுவார்கள் என்று நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஓடினார்கள். மொத்தப் பள்ளிக்கூடமும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. டீச்சர்கள் பின்னால். வாலு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மணியை மெதுவாக மேசைமேல் வைத்தாள். எழுதியிருந்தபடி.

தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பை அடக்க எச்சில் விழுங்கியது தெரிந்தது. "இவள விடுதிக்கு அனுப்பினா அந்த ஊர் தாங்காது. இங்கயே இருக்கட்டும்."

ஆனால் சும்மா விடவில்லை நான். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும், வாலுவுக்கு முன்பெஞ்சு வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். சிறப்பாசிரியை வாரத்தில் இன்னொரு நாளும் வர முடியுமா என்றதற்கு, மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். மேலே. பார்ப்போம்.

செப்டம்பர் 28

இந்தத் தடவை கையெழுத்துப் பரிசு வேறு யாருக்கோ. மாட்டி வைத்த நாலையும் அக்கா கழற்றவில்லை. "அதுவும் அவ செஞ்சதுதானடி."

அக்டோபர் 8

கடையிலிருந்து வந்தேன். கதவு பூட்டியிருந்தது. செருப்புப் பெட்டிக்குள் செருப்புதான் இருந்தது.

கதவில் ஒரு காகிதம். டாக்டர்களெல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அப்படி ஒரு கிறுக்கல். அடித்தல், திருத்தல், ஒரு எழுத்து ஏணி ஏறுகிறது, ஒன்று பள்ளத்தில் விழுகிறது.

"சாவி என்கிட்ட. நான் அம்மா கடை. பெரிய மூக்கு சித்தி வெளியே உக்காரு."

ஆக, மருந்து வாசனை இல்லை.

உட்கார்ந்தேன். பெட்டிமேல்தான். தூறல் வேறு. அவர்கள் வரும்வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன்.