மூடச் சொன்ன அறை

பிப்ரவரி 11, செவ்வாய்

பட்டறைக்குப் புதுப் படகு வந்திருக்கிறது. புதுசு என்றால் நமக்குத்தான் புதுசு. மேல்தளத்துப் பிளைவுட் ஊறிப்போய், மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அத்தான் பழசைக் கழற்றிப் புதுப் பலகை அடிப்பார். அதன்மேல் நான் ஃபைபர் துணி விரித்து, ரெசின் பசை ஊற்றி, சொட்டுத் தண்ணீர் இறங்காமல் அடைக்க வேண்டும். அக்காவைக் கட்டியவர் தச்சர், நான் ஃபைபர்க்காரி. பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

படகுக்காரர் ஐம்பது தாண்டியவர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் விசித்திரமாகக் கேட்டார். முன்முனையில், நங்கூரச் சங்கிலி போட்டு வைக்கும் சின்ன அறை இருக்கிறது. அதற்கு மேலிருந்து ஒரு மூடி. அந்த மூடியே வேண்டாமாம். பலகையோடு பலகையாக அடைத்துவிட வேண்டுமாம்.

“அப்போ சங்கிலியை எங்க வைப்பீங்க?” என்றார் அத்தான்.

“வெளியிலேயே கிடக்கட்டும்.”

அவர் போனதும் அத்தான் என்னைப் பார்த்தார். “அவர் படகு, அவர் பாடு. வாசலே வேணாம்னு வீடு கட்டச் சொன்னாலும் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

பிப்ரவரி 13, வியாழன்

பலகை அடித்து முடிந்தது. கடைசிப் பலகையை வைக்குமுன் சங்கிலி அறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இப்படிப் பார்க்காமல் ஒருமுறை அத்தானின் சுத்தியலை உள்ளே விட்டு அடைத்துவிட்டோம். அந்தப் படகு இன்றும் அலையில் டொக் டொக் என்கிறதாம்.

இதில் ஒன்றுமில்லை. துருத்தூள் மட்டும். ஓர் ஆள் குந்தி உட்காரலாம், நிமிர முடியாது. தலையை உள்ளே நீட்டியவள் ஏனோ மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

துணி விரித்தாயிற்று. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது அலுக்கவில்லை. வெள்ளைத் துணி ரெசினைக் குடிக்கக் குடிக்க, கண்ணெதிரே காணாமல் போகிறது. கடைசியில் மரத்தின் ரேகை மட்டும் கண்ணாடிக்கு அடியில் தெரிகிறது. ரோலரால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றினேன். ஒரு குமிழி இல்லை. நானே என் முதுகில் தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிப்ரவரி 15, சனி

குமிழி இருக்கிறது. இரண்டு. சரியாக அந்த அறைக்கு மேல். மற்ற இடமெல்லாம் கல் மாதிரி இறுகியிருக்க, அந்த இரண்டு மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நிற்கின்றன.

“மரம் மூச்சு விடுது. வெயில் ஏற ஏறப் பலகைக்குள்ள இருக்கிற காத்து விரியும். உனக்குத் தெரியாததா?” என்றார் அத்தான்.

தெரியும். வெட்டி எடுத்து, தேய்த்து, வெயில் இறங்கும் நேரமாகப் பார்த்துப் புதுத் துணி ஒட்டினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஒட்டிய இடம் நன்றாக இருக்கிறது. குமிழி இடம் மாறியிருக்கிறது. ஒரு முழம் வலது பக்கம் தள்ளி, மறுபடியும் இரண்டு.

அங்கே வெள்ளியன்றே இறுகிவிட்டதே? இறுகிய ரெசின் எப்படி உப்பும்?

குனிந்து பார்த்தேன். விரல்கள். எண்ணினேன், பத்து. கீழேயிருந்து இரண்டு கையையும் விரித்து மேலே தள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடப் பெரிய கை.

ஏன் வைத்தேன்? வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். “அந்த ரெசின் நாத்தம் உன் மண்டைக்கு ஏறிடுச்சுடி. முகமூடியில வடிகட்டியை மாத்தி எத்தனை மாசம் ஆச்சு?” என்று திட்டினாள். மாற்றினேன். புது வடிகட்டி போட்டு, சுத்தமான தலையோடு போய்ப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அறையின் விளிம்பை ஒட்டி.

தேடுகிறது. அப்படித்தான் இருந்தது எனக்கு. இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுகிறவன் கை போல.

அத்தானை இழுத்துக்கொண்டு வந்தேன். பார்த்தார். பிறகு டிரில்லை எடுத்து அந்த இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டார். காற்று வந்தது. வெயிலில் சூடான அறை, காற்று வரத்தான் செய்யும், சரி. ஆனால் அது நிற்கவே இல்லை. ஒரே சீராக, நீளமாக, யாரோ ரொம்ப நேரம் அடக்கி வைத்ததை விடுவது போல. நான் மனதுக்குள் நாற்பது வரை எண்ணினேன்.

நின்றதும் அத்தான், “குமிழிதான்” என்றார். ஆனால் ஏணியில் இறங்கும் வரைக்கும் அந்தப் பக்கம் முதுகு காட்டவே இல்லை.

பிப்ரவரி 19, புதன்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். பயம்.

பிப்ரவரி 20, வியாழன்

படகுக்காரர் வந்தார். காலை பத்து மணி, நல்ல வெயில். வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்க்க ஏணியில் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். இப்போது அறையின் நான்கு பக்கமும் கைத்தடம். ஒன்றின் மேல் ஒன்றாக, அவசரமாக. நேற்று நான் வராத நாளில் ஒரு சுற்று முடிந்திருக்கிறது.

இது என்ன கோளாறு என்று கேட்பார், துணி பழசா ரெசின் மட்டமா என்று சத்தம் போடுவார் என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதெல்லாம் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

“எத்தனை நாளா தட்டுது?”

தட்டுகிற சத்தம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தட்டவும் இல்லை.

“தட்டலையே அண்ணே. யாரு தட்டுறாங்க?”

அவர் அங்கேயே, அந்தத் தடங்களுக்கு ஓரமாக, உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 21, வெள்ளி

நேற்று எழுதி முடிக்க முடியவில்லை. அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், அவரும் தம்பியும் இதே படகில் போயிருக்கிறார்கள். முன்பக்கம் தண்ணீர் கசிகிறதா பார் என்று தம்பியைச் சங்கிலி அறைக்குள் அனுப்பியதே அவர்தான். அலை ஏறியடிக்கவும், மூடி திறந்து கிடக்கிறதே என்று ஓடிப்போய்ச் சாத்திக் கொக்கியைப் போட்டிருக்கிறார். தம்பி எப்போதோ ஏறி வந்து பின்னால் இருப்பான் என்ற நினைப்பு.

“சத்தம் கேட்டுச்சும்மா. டொக்கு டொக்குன்னு. சங்கிலி ஆடுதுன்னு நினைச்சேன். எஞ்சின் சத்தத்துல... சங்கிலின்னுதான் நினைச்சேன்.”

கீழே நின்ற அத்தான் மெதுவாகச் சொன்னார்: “துருப்பிடிச்ச சங்கிலி, மூடின இடத்துல காத்தைத் தின்னுடும்.”

“அப்படித்தான் சொன்னாங்க. திறந்தப்போ உயிர் இல்ல.”

கரைக்கு வந்ததும் இவர் வேறு கதை சொல்லியிருக்கிறார். தம்பி குடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்ப் படுத்தான், அலையில் மூடி தானாக விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டது என்று. எல்லோரும் நம்பினார்கள். தம்பி மனைவியும் நம்பினாள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சை ஒன்பது வருடமாகச் சுமக்கிறாள்.

“அவன் குடிப்பானா?” என்று கேட்டேன்.

“தொட்டதே இல்ல.”

பிறகு, “இன்னும் ரெண்டு துணி சேர்த்துப் போட்டுடுங்கம்மா. கனமா. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது” என்றார்.

கோபமா பாவமா, எது வந்தது என்று தெரியவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது, அது மட்டும் தெரியும்.

“எத்தனை துணி போட்டாலும் காஞ்சா கண்ணாடிதான் அண்ணே. கீழ இருக்கிறது தெரியத்தான் செய்யும். நான் போட மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க.”

அவர் இறங்கிப் போய்விட்டார். கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டாயே என்று அத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஏணியை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டு, “நல்லா சொன்னே” என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

படகுக்காரர் வரவில்லை. புதுத் தடமும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. கை ஓய்ந்துவிட்டதா, காத்திருக்கிறதா?

பிப்ரவரி 27, வியாழன்

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். வெளிக்கதவருகே படகுக்காரர் நின்றார், உள்ளே வரவில்லை. தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டார் என்று அவர் நின்ற நிலையிலேயே புரிந்தது.

“எனக்குக் காட்டுங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினாள். ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, ஒவ்வொரு தடமாக விரலால் தடவிக்கொண்டே போனாள், துணிக்கடையில் சேலையின் கரையைத் தடவிப் பார்ப்பது போல. ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“இடது கை மோதிர விரல் நேரா நிக்காது அவருக்கு. சின்ன வயசுல கதவிடுக்குல மாட்டினது.”

நான் குனிந்து பார்த்தேன். கடைசிக்கு முந்தின விரல் உள்பக்கம் வளைந்திருந்தது. எல்லா இடது கைத் தடத்திலும். இத்தனை நாள் பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

அவள் அழவில்லை. “ஒன்பது வருஷமா திட்டிட்டேன். படத்துக்கு முன்னாடி நின்னு, குடிகாரப் பாவின்னு திட்டிட்டேன்” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

“இதைத் திறக்க முடியுமா?”

ரம்பத்தை எடுத்தேன். இரண்டு வாரம் பார்த்துப் பார்த்து ஒட்டியதை வெட்ட ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. பலகையைத் தூக்கியதும் உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. வெளியே அனல் பறக்கிற வெயில்.

அந்த ஓட்டைக்கு அருகில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தாள். ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நான் எதையும் காதில் வாங்காமல் இருக்க உப்புத்தாளால் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். படகுக்காரர் கதவருகிலேயே நின்றார். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. அத்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மார்ச் 4, செவ்வாய்

படகு இனி அவள் பொறுப்பு. புது மூடி, புதுக் கீல். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள், கொக்கியை உள்ளேயிருந்தும் திறக்க வர வேண்டும். அத்தான் இரண்டு நாள் யோசித்துச் செய்தார். புதுத் துணி விரித்து ரெசின் ஊற்றிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஒரு குமிழி இல்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று படகு தண்ணீரில் இறங்கியது.

அதற்கு முன் உள்பக்கக் கொக்கியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நானே அறைக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டேன். கும்மிருட்டு. மேலே யாரும் இல்லை, அத்தான் கீழே கிரேன் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கொக்கி எந்தப் பக்கம் என்று குழம்பிவிட்டேன். கையால் துழாவினேன். மூச்சு வேகமாக வந்தது. கை கொக்கியில் படவே இல்லை. மூடி திறந்துகொண்டது. வெளிச்சம்.

தலையை நீட்டிப் பார்த்தேன். தளத்தில் யாரும் இல்லை.

“கொக்கி வேலை செய்யுதா?” என்று கீழேயிருந்து அத்தான் கத்தினார்.

“செய்யுது” என்றேன்.

படகு மிதந்ததும் அவள் முன்முனையில் போய் நின்றாள். கரையில் படகுக்காரர், கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில். விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மற்றவர்களும் அவரோடு பேசுவதில்லை.

“கயித்தை அவுத்து விடுங்க” என்றாள் அவள்.

முறை சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் குனிந்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழவில்லை. அத்தான் உதவிக்குப் போனார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவர் அவிழ்த்து முடிக்கும் வரை நின்று காத்திருந்தாள்.