ஈரத்துக்குக் கழித்தது ஒரு கிலோமீட்டர்

28 ஜூலை 1996, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு ஓடினேன். மழை. அரவேணு கடைவீதியில் தொடங்கி கோத்தகிரி ரோட்டில் மேலே ஐந்து கிலோமீட்டர், மூக்கன் டீக்கடை முன்னால் திரும்பிக் கீழே ஐந்து. 64 நிமிடம் 5 நொடி. போன வருஷம் சுதந்திர தினப் போட்டியில் 63:12. இந்த வருஷம் ஒரு மணி நேரத்துக்குள் வந்தே ஆக வேண்டும்.

“நாப்பத்தாறு வயசுல எதுக்குங்க இந்த அவசரம்? உங்கள யாரு தொரத்தறாங்க?” என்கிறாள் என் மனைவி மருதாம்பாள்.

யாரும் துரத்தவில்லைதான். தேயிலை ஃபாக்டரியில் நாள் முழுக்க அடுத்தவர் பறித்த கொழுந்தை நிறுத்து, அடுத்தவர் பெயருக்கு நேரே எண் எழுதுகிறேன். எனக்கென்று ஒரு எண் வேண்டாமா?

இதை அவளிடம் சொல்லவில்லை. சிரிப்பாள்.

3 ஆகஸ்ட், சனி

இலை ஒரே ஈரம். கொழுந்து பறிக்கும் பேச்சியின் மூட்டை பதினெட்டு கிலோ. ஈரத்துக்கு இரண்டு கழித்துப் பதினாறு என்று எழுதினேன். சிலோனிலிருந்து வந்த குடும்பம், வாய்க்குக் கேட்கவா வேண்டும். “கணக்கப்புள்ள, மழை எம் மேலயுந்தான் பேஞ்சுச்சு. என்னையும் தராசுல ஏத்தி ரெண்டு கிலோ கழிச்சு எழுதுங்க, எளச்ச மாதிரி இருக்கும்.”

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

9 ஆகஸ்ட், வெள்ளி

என் ஓட்ட டிராயரை மருதாம்பாள் கரித்துணியாக்கிவிட்டாள். நன்றாகத் துடைக்கிறதாம்.

15 ஆகஸ்ட், வியாழன்

56:41!!

திரும்ப எழுதிப் பார்க்கிறேன். 56:41. ஐம்பத்தாறு நிமிடம் நாற்பத்தொரு நொடி.

மேகம் இறங்கி எதிரே வரும் ஆள் தெரியவில்லை. மண்ணெண்ணெய் டின்னில் சிவப்புக் கொடி நட்டு வைத்திருப்பார்கள், அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். குனிந்த தலை நிமிராமல் ஓடினேன். கொடி வந்தது, சுற்றினேன், இறங்கினேன். கடிகாரம் பிடித்த மருதாம்பாளே நம்பவில்லை, காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். டிஜிட்டல் கடிகாரத்தை!

ஓடிய நாற்பது பேருக்கும் இன்று நல்ல நாள். போட்டி நடத்தும் கிளப்பின் செயலாளர், துணிக்கடை பாலசுப்பிரமணியம், வாழ்க்கையில் முதல் முறையாக எழுபது நிமிடத்துக்குள் வந்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். வந்த பஸ் நிற்க வேண்டியதாயிற்று.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஃபாக்டரி கேட்டில் துணி பேனர். பாலசுப்பிரமணியம் கடைத் துணி, அடியில் 56:41. ‘அரவேணுவின் புயல் ஆறுக்குட்டி’ என்று எழுதச் சொன்னார்களாம். பெயின்டர் ‘அரவேணுவின் முயல் ஆறுக்குட்டி’ என்று எழுதிவிட்டான். மேனேஜர் பார்த்துவிட்டு, “முயலும் ஓடத்தானுங்க செய்யுது, இருக்கட்டும்” என்றார்.

முயலோ புயலோ, கேட்டைத் தாண்டும்போது தலை தானாக நிமிர்கிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அதே ரோடு. அதே கால். 63:20.

கடிகாரத்தில் கோளாறா? எனக்கா?

19 ஆகஸ்ட், திங்கள்

டாக்டரிடம் போனேன். மூன்றே நாளில் ஆறரை நிமிடம் காணாமல் போய்விட்டது என்றேன். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நன்றாகத் தூங்கச் சொன்னார். வாசலில் நின்ற மருதாம்பாளைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாராம்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

தலையில் இடி.

மூக்கன் கடையில் டீ குடித்துக்கொண்டு இந்த ஆறரை நிமிடத்தைப் பற்றிப் புலம்பினேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்கிறான்: “ஏனுங்க, அன்னிக்கு அந்தக் கொடிய எடுத்துக் கீழ வளைவுல வெச்சது நாந்தானுங்க. நாப்பது பேரு கடை முன்னால சுத்திச் சுத்தித் திரும்புனா டீ குடிக்கறவிய எங்கீங்க நிப்பாங்க?”

கடை வரவில்லையே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியதா? உண்மையை எழுது ஆறுக்குட்டி. தோன்றியது. ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி இறக்கம் வந்துவிட்டது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

எவ்வளவு தூரம் குறைந்தது என்று தெரிய வேண்டும். வேறு வழி தோன்றாமல் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்தேன். இருபத்தைந்து மீட்டர். ஒரு முனையை மருதாம்பாள் பிடித்தாள், இன்னொன்றை நான். கீழ் வளைவிலிருந்து மேலே அளந்துகொண்டு போனோம்.

மூன்றாவது கயிற்றிலேயே வதந்தி ஆரம்பித்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். சர்வேக்கு ஆள் வந்துவிட்டதாம். மளிகைக் கடைக்காரர் முன்னால் நீட்டியிருந்த தகரக் கூரையை அவசர அவசரமாகக் கழற்றினார். ஒரு அம்மா ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து, “எங்கூட்டுச் செவுத்த மட்டும் உட்டுருங்க சார்” என்றார். நாங்கள் ஓட்டப் பந்தயத்துக்கு அளக்கிறோம் என்றால் ஒருவரும் நம்பவில்லை. காப்பியைக் குடித்துவிட்டோம். வேறென்ன செய்ய?

மூக்கன் கடை வரை சரியாக இருபது கயிறு. ஐந்நூறு மீட்டர். போக வர ஒரு கிலோமீட்டர்.

26 ஆகஸ்ட், திங்கள்

துணிக்கடைக்குப் போய்ச் சொன்னேன். பாலசுப்பிரமணியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

“நாப்பது பேரு சந்தோசமா இருக்கறாங்க. அதப் போயிக் கெடுக்கோணுமுங்களா?”

“ஒரு கிலோமீட்டர் குறையுதுங்க.”

“ஆறுக்குட்டி, நான் எங்க மாமனாருக்கு லெட்டர் போட்டுட்டேன்.” மடித்த துணியையே மறுபடி மடித்தார். “அறுபத்தொம்பது நிமிசம்னு எழுதிட்டனுங்க. அவரு ஊரு பூராச் சொல்லிட்டாரு.”

பாவமாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன். பேசாமலே இருந்துவிட்டால்தான் என்ன? யாருக்கு நஷ்டம்?

28 ஆகஸ்ட், புதன்

முடியல. பேச்சி மூட்டையில ரெண்டு கிலோ கழிக்கப் போனேன், கை வரல. அடுத்தவ மூட்டைன்னா சட்டம், நம்ம ஓட்டம்னா வாய மூடிக்கறதா? என்ன மனுசன்டா நீ?

தராசுப் பக்கத்திலேயே நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். ஓடியது பத்து கிலோமீட்டர் இல்லை, ஒன்பது. பேனரில் இருக்கும் நேரம் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முழுத் தூரமும் ஓடப் போகிறேன்.

முதல் ஆளாகப் பேச்சி: “அட, ஈரத்துக்கு ஒரு கிலோமீட்டரு கழிச்சுட்டாங்களா ஒங்களுக்கும்?”

அரைமணி நேரம் தராசு ஓடவில்லை. மேனேஜரே வந்து சிரித்துவிட்டுப் போனார். இந்த முறை நானும் சிரித்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

நானும் மருதாம்பாளும் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்துப் போனேன். கடைவீதியில் பதினேழு பேர். ஒவ்வொருவரும் தற்செயலாக வந்தவர்களாம். ஒருவர் பால் வாங்க வந்தாராம் – டிராயரோடு. பாலசுப்பிரமணியம் கழுத்தில் விசிலைப் போட்டுக்கொண்டு, “சும்மா காத்து வாங்க வந்தனுங்க” என்றார். அப்புறம் என் காதருகே, “மாமனாரு அடுத்த மாசம் வர்றாராம். ஓடிக் காட்டச் சொல்லுவாரு” என்றார்.

ஓடினோம். மூக்கன் கொடியைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றான். திரும்பும் ஒவ்வொருவரிடமும், “டீ வேணுமுங்களா?” என்றான். இரண்டு பேர் குடித்தார்கள்.

கடைக்கு முந்தின கடைசி ஏற்றத்தில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. நடந்துவிடலாம் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

62:31.

ஒரு மணி நேரத்துக்குள் வரவில்லை. போன வருஷத்தைவிட நாற்பத்தொரு நொடி குறைவு. பாலசுப்பிரமணியம் 78:50. இந்த முறை அழவில்லை. டீ குடித்தவர்களில் அவரும் ஒருவர்.

மத்தியானம் வீட்டில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தேன். மருதாம்பாள் கேட்டாள், “நாப்பத்தொரு செகண்டுங்கறது எவ்வளவு நேரமுங்க? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிராதா?”

கடிகாரத்தை அவள் கையில் கொடுத்து, அழுத்தச் சொன்னேன். இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து. இருபது. வெளியே ஒரு ஜீப் ஏறிப் போயிற்று, அதன் சத்தமும் வளைவில் ஓய்ந்தது. முப்பது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். நாற்பத்தொன்று.

“அடேங்கப்பா,” என்றாள்.