பத்துக்கு நாலு

ஜூலை 18, வெள்ளி

காற்று. மழை இல்லை. கொடியில் போட்ட போர்வை பக்கத்து வீட்டு மாதுளை மேல்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. வலது கணுக்கால், ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ. காரணம், மணிமுத்தாறு அருவிக்கு ஸ்டாஃப் டூர். "பாசி கெடக்கு, யாரும் அங்கன மிதிக்காதீங்க" என்று மொத்த ஸ்டாஃபுக்கும் சொன்னது நான். மிதித்ததும் நான். மானம் உடைந்ததற்கு பிளேட் வைக்க மாட்டார்களாம்.

தாளில் எழுதிக் கொடுத்தவை:
– கால் எப்போதும் நெஞ்சுக்கு மேலே. தலையணை மூன்று.
– ஊன்றக் கூடாது, ஆறு வாரம்.
– வலிக்கு 0 முதல் 10 வரை மார்க். 5 வரை வெள்ளை மாத்திரை. 6 முதல் நீல மாத்திரையும்.
– கால் விரல் வீங்கினால், மரத்துப்போனால், உடனே வரவும்.

பத்து மணிக்கு நர்ஸ் ஷீபா போன். என் பழைய மாணவி. கணக்கில் ஒரு மார்க்கில் ஃபெயில் ஆக்கியிருக்கிறேன்.
"டீச்சர், வலி பத்துக்கு எத்தன?"
4 என்றேன்.

இவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். தாலுகா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எனக்குச் சமைக்கும் கணவர். "நாலா? இப்பத்தானட்டி ஐயோன்னு கத்துன?"
கத்தினதற்கெல்லாம் மார்க் கிடையாது.

ஜூலை 19, சனி

காற்று அதிகம். ஜன்னல் கதவுக்குச் செங்கல்.

மூன்று வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப். ஒரு வீட்டுக்கு நாலு கால் என்றாலும் பன்னிரண்டு. மூன்று ஆடு நிற்க வழியில்லாமல் போய்த்தான் நான் நடக்க வேண்டும் போல.

சர்ச்சிலிருந்து எலிசபெத் அக்கா. முக்கால் மணி நேரம் ஜெபம். போகும்போது, "எங்க மதினிக்கும் இதே மாதிரிதான் ப்ளேட் வச்சாவ. மூணு வருசமா சாஞ்சு சாஞ்சுதான் நடக்கா. நீங்க கவலப்படாதீங்க." ஆறுதலாம்.

போன்: 4.

கமலா டீச்சர் இடைப்பருவத் தேர்வுத் தாள் கட்டோடு வந்தாள். நான்தான் கேட்டிருந்தேன். 46 தாள். இவர் மார்க்கெட் போனதும் நாற்காலிக்கு நொண்டியடித்துப் போய் உட்கார்ந்து 11 திருத்தினேன். கால் தொங்கிக்கொண்டிருந்தது. தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு யார் வகையீட்டுக் கணக்கு திருத்த முடியும்?

சாயங்காலம் விண் விண் என்று. மார்க் போட ஒரு அளவு வேண்டாமா?
10 – யாருக்கும் இல்லை.
9 – பெரியவன் பிறந்த அன்று.
8 – விழுந்த நிமிஷம்.
7 – கடவாய்ப் பல். மரப்பு ஊசி பாதியில் விட்டுப்போனது.
இப்போதையது நாலரை. அரை மார்க் போடும் வழக்கம் இல்லை. 4.

ஜூலை 20, ஞாயிறு

இவர் மட்டும் சர்ச்சுக்கு. அதற்குள் 19 தாள். ஒரு பையன் படி எதுவும் இல்லாமல் நேரே விடை. சரியான விடைதான். 5க்கு 1.

ஷீபா போன். 4.
"நெசமாவா டீச்சர்?"
"நான் என்னைக்குட்டி மார்க்கக் கூட்டிப் போட்டேன்?"
"இல்ல டீச்சர்." அனுபவப்பட்டவள், சட்டென்று சொன்னாள்.

கால் விரல்கள் கொழுக்கட்டை மாதிரி. கட்டு இறுக்கம். இவர் வந்ததும் மேஜையில் சிவப்புப் பேனாவைப் பார்த்துவிட்டார்.
"காலத் தொங்கப் போட்டியா?"
"இல்ல."
"பொய் சொல்லாத."
பேச்சு வார்த்தை இல்லை. சோறு மட்டும் வந்தது. குழம்பில் உப்பு இல்லை. வேண்டுமென்றே இருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

வானிலை தெரியாது. பார்க்கவில்லை.

விடியும்போதே எரிச்சல். காபி இறங்கவில்லை. சுண்டுவிரலைத் தொட்டேன், வேறு யாருடைய விரலோ மாதிரி இருந்தது. ஷீபா போன். நாலு என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், இவர் போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஏம்மா, இவ நாலுன்னுதான் சொல்லுவா. இருபத்தாறு வருசமா எனக்கே அஞ்சுக்கு மேல போட்டதில்ல. நீ ஒம்பதுன்னு எழுதிக்கோ. வெரலு நீலமா இருக்கு."

ஆட்டோ. ஒவ்வொரு வேகத்தடைக்கும் "பைய, அண்ணாச்சி, பைய" என்று இவர் கத்தினார். நான் பல்லைக் கடித்திருந்தேன்.

கட்டை வெட்டினார்கள். உள்ளே கால் வீங்கி, கட்டு இறுகியிருந்தது. டாக்டர் என் பெரியவன் வயதுக்காரர். "நாலுன்னு நீங்க சொன்னா நான் நாலுன்னுதானே எடுத்துக்கிடுவேன் டீச்சர்? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வெரலு போயிருக்கும்."

பயந்துபோனேன். கட்டு விட்டதும் அழுகை. வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும். "ரொம்ப வலிக்குதுட்டி ஷீபா" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை என்று கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மேகம். காற்று குறைவு.

நீல மாத்திரை. எட்டு மணி நேரம் தூக்கம். தளர்வான புதுக் கட்டு. சுண்டுவிரல் மறுபடி என்னுடையது. மீதித் தாள் 16, இவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி எங்கே என்று சொல்ல மாட்டார்.

மத்தியானம் என்னைத் தாங்கிப் பாத்ரூம் கூட்டிப்போனார். திரும்பி வந்து என்னைப் படுக்க வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடியே நின்றார். நிமிரவில்லை.
"என்ன, இடுப்பா?"
"ஒண்ணுமில்ல."
"எப்பருந்து?"
"வியாழக்கெழம ஒன்ன ஆட்டோவுலருந்து எறக்குனேன்லா, அன்னைலருந்து."
என் எடையை இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.
"பத்துக்கு எத்தன?"
சீலிங் ஃபேனைப் பார்த்து யோசித்தார். "எட்டு."

எதை வைத்து எட்டு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். இந்த இடுப்போடுதான் ஐந்து நாள் என்னைத் தூக்கியிருக்கிறார். எட்டு என்றால் எட்டுதான்.

"படுங்க" என்றேன். வேலை கிடக்கிறது என்று கொஞ்ச நேரம் பிகு பண்ணினார். பிறகு பக்கத்தில் படுத்தார். இப்போது குறட்டை.

மணி நாலு. காபி போட ஆளில்லை.