உன் அம்மாவின் காசு பித்தளை இல்லை

கோபக்காரிக்கு,

காலையில் காசைக் காணோமென்று முகம் கொடுக்காமல் வேலைக்குப் போனாயே, உன் அம்மாவின் காசை நான் விற்கவில்லை. அலமாரியில் உன் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. முதலில் போய்ப் பார்.

அது தங்கமேதான்! நேற்று நாங்கள் இரும்புப் பெட்டி இறக்கிய ஆபீஸில், பழங்காசு சோதிக்கிற ஒரு அம்மாளிடம் கொடுத்திருந்தேன். தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்திருக்கிறார், தங்கத்தின் கணக்குதானாம். இன்று லென்ஸில் எனக்கும் காட்டினார். "ராஜாவோட மூக்கும் கன்னமும்தான் தேஞ்சிருக்கு. பள்ளத்துல எழுத்து கூர்மையா நிக்குது பாருங்க. வார்த்தெடுத்த போலின்னா எல்லாமே மழுங்கியிருக்கும். இது நூறு வருஷத்துக்கு மேல பழசு, அசல்."

"அப்புறம் ஏன் நகைக்கடையில பித்தளைன்னாங்க?" என்றேன். ஓரத்தைக் காட்டிச் சிரித்தார். சங்கிலியில் கோக்க உன் அம்மா அதில் வளையம் பற்றவைத்திருந்தாரே, வளையம் போனாலும் பற்றவைத்த பித்தளைக் கலவை இன்னும் ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் சரியாக அந்த இடத்தைப் போய் உரைகல்லில் உரசியிருக்கிறார்!

சாயங்காலம் என் அக்கா வருகிறாள். "பித்தளை கொண்டுவந்த மகராசி" என்று இத்தனை வருஷம் உன்னைக் குத்தினாளே, அவள் கையிலேயே காசைக் கொடு. ஆனால் நான் லோடு இறக்கிவிட்டு வந்த பிறகு கொடு. அந்த முகத்தை நானும் பார்க்க வேண்டும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். காசைப் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிடாதே.

சொல்லாமல் எடுத்துப் போனதற்குத் திட்டாதே. சோதித்த அந்த அம்மாளும் பித்தளை என்றிருந்தால், அது இன்னொரு தரம் உன் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.