மெட்டீஸ் கட்டுரையின் கடைசிப் பக்கம்

அன்புள்ள அத்தான்,

நீங்கள் போய் மூன்று கிழமை. முப்பத்தோராம் நாளுக்கு வழங்கும் நினைவு மலரை, அதுதான் உங்கள் கல்வெட்டை, தொகுக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் தந்திருக்கிறார்.

நம் கல்வெட்டுகளை அறிவீர்கள். இறந்தவர் எல்லாரும் அவற்றில் உத்தமர்கள்; இதுவரை ஒருவரும் எல்லைக்கல்லை நகர்த்தியதில்லை. யாழ்ப்பாண நீதிமன்றங்களில் அத்தனை வேலி வழக்குகளை யார் நடத்தினார்களோ தெரியாது.

உங்கள் மேசையில், கனடாவின் மெட்டீஸ் மக்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை இருந்தது. பழங்குடித் தாய்மார், ஐரோப்பியத் தந்தையர் வழியில் வந்தவர்கள். ஆற்றங்கரையிலிருந்து உள்ளே நீளும் ஒடுங்கிய காணிகளில் வாழ்ந்தவர்கள். அரசின் நில அளவையாளர் அவற்றின் மேல் சதுரம் சதுரமாக அளந்தபோது, அளவுச் சங்கிலியில் ஏறி நின்று மறித்தார்கள். போராடிப் பெற்ற நில வாக்குறுதி, நிலத்துக்குப் பதிலான காகிதச் சீட்டுகளாகி, பெரும்பாலும் தரகர் கைக்குப் போனது. மேற்கே போனார்கள், அங்கேயும் அளக்க வந்தார்கள். மறுபடி எழுந்தபோது பீரங்கி வந்தது. அவர்களின் தலைவரை அரசு தூக்கிலிட்டது.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் வருகிறீர்கள். இலங்கை அரசின் நில அளவையாளராக, ஒரு குடியேற்றத் திட்டத்துக்கு, காடு என்று காட்டிய வரைபடத்தோடு. அந்தக் காட்டில் ஒரு பெண் எள் விதைத்திருந்தாள். சங்கிலியின் மேல் நின்றாள். காணி உறுதிப் பத்திரம் கேட்டீர்கள், அவளிடம் இல்லை. கூலியாட்களிடம் இழுக்கச் சொன்னீர்கள். விழுந்தாள்.

அக்கா இரண்டு முறை வாசித்தார். "மெட்டீஸ் சனத்தைப் பற்றி எவ்வளவும் போடு. இந்தப் பக்கம் வேண்டாம்."

"அத்தான்தானே அக்கா எழுதி வைச்சவர்."

"எனக்குச் சொல்லேல்லையே. முப்பது வருசமாச் சொல்லேல்லை."

இங்கே ஒஸ்லோவில் இது இலங்கைச் சமாதானப் பேச்சுக் காலம். இராணுவம் பிடித்த எங்கள் காணிகளைத் திருப்பித் தரவேண்டும் என்று மண்டபங்களில் கைதட்டுகிறோம். இந்த நேரத்தில் இது எதற்கு என்று எனக்கும் தோன்றியது. பக்கத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஸ்ட்ரோம்மனில் உள்ள அச்சகத்தில் கொடுத்தேன்.

நேற்று மெய்ப்பு வந்தது. அழகாக இருக்கிறது. கனேடியரின் கொடுமை கண்டு கலங்கிய கருணைமிக்க நில அளவையாளர் ஒருவர் அதில் இருக்கிறார். அவரை எனக்குத் தெரியாது.

கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். பெயரை மறந்துவிட்டீர்களா? அன்றைக்குக் கேட்கவே இல்லையா?

இன்று அக்காவிடம் சொன்னேன், அந்தப் பக்கமும் சேரும் என்று. திட்டவில்லை. தேத்தண்ணியும் தரவில்லை. கல்வெட்டைத் தன் கையால் யாருக்கும் கொடுக்கமாட்டாராம்.

நான் கொடுப்பேன், அத்தான். ஒரு சொல்லும் திருத்தமாட்டேன். அந்தக் கோடு வெறுமையாகவே அச்சாகும்.

உங்கள் மனைவியின் தம்பி, உங்கள் மச்சான்,
சிவநேசன்
வெஸ்ட்லி, ஒஸ்லோ