முதல் மணியிலேயே எடுத்தவருக்கு

என் அன்புக்குரிய ஃப்ராவ் ஹிர்ஷ்,

சுவருக்கு அந்தப் பக்கம் இப்படி அமைதியாக இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. உங்களுக்குத் தெரியாத தமிழில்தான் எழுதுகிறேன். என் தமிழ்ப்பள்ளிப் பாடத்தை, "வாசிச்சுக் காட்டு, சத்தம் கேக்க நல்லாயிருக்கு" என்று கேட்டவர் நீங்கள்தானே. உங்கள் சுவிஸ் ஜெர்மனை எங்கள் வீட்டுப் பேச்சாக மாற்றித் தருகிறேன்; திருமதி என்னும் 'ஃப்ராவ்' மட்டும் அப்படியே. கோபிக்க மாட்டீர்கள்.

வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வுநாள். நீங்கள் விளக்கைத் தொட மாட்டீர்கள், லிஃப்டில் ஏற மாட்டீர்கள். "விளக்கைப் போடு" என்று என்னிடம் கேட்கவும் கூடாது. அதனால் கதவைத் திறந்து, வானிலை சொல்வதுபோல, "எங்கட குசினி நல்ல இருட்டு" என்பீர்கள். நான் ஓடிவந்து சமையலறை விளக்கைப் போடுவேன். அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். "இஞ்ச ஒரு கோப்பை கழுவாமல் கிடக்கு" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்.

அப்படிப்பட்ட நீங்கள், சனிக்கிழமை தொலைபேசி அடித்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுப்பீர்கள். பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதி விற்பவர்கள்தான். "ஆருக்கும் ஆபத்தில்லையே? அப்ப சரி" என்று வைத்துவிடுவீர்கள்.

"அந்த அம்மா லைற்றைத் தொடமாட்டா, போனை மட்டும் பாய்ஞ்சு எடுக்கிறா. என்னெண்டு, பிள்ளை?" என்று அம்மா கேட்பார். எனக்கும் தெரியவில்லை. போன குளிர்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது சுவிஸுக்குத் தஞ்சம் தேடி வந்தவர்களைப் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதும்போது உங்களிடமே கேட்டுவிட்டேன்.

அப்போது உங்களுக்கு ஆறு வயது. உங்கள் அம்மா யூத அகதிகளுக்கு உதவும் குழுவில் இருந்தார். உடுப்புச் சேர்ப்பார். முகாம்களில் இருந்தவர்களுக்குச் சமய முறைப்படி சமைத்து அனுப்புவார். எல்லையில் பிடிபட்டவர்களுக்காக அதிகாரிகளோடு வாதாடுவார்.

ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஒருவரும் எழவில்லை. "எல்லாரும் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தம்" என்றீர்கள். மணி நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. உங்கள் அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். எல்லைக் கிராமத்திலிருந்து ஒரு விடுதிக்காரி பேசினார். ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் அவளுடைய தம்பியும் பிடிபட்டிருக்கிறார்கள், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றார். உங்கள் அம்மா உடனே ரயிலேறினார். மறுநாள் அந்தப் பெண்ணும் குழந்தையும் அவரோடு வந்தார்கள். தம்பி வரவில்லை. உங்கள் அம்மா போய்ச் சேருமுன்பே அவரை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள்.

"உங்கட அம்மா அண்டைக்குச் சமயக் கட்டளையை மீறினவா எண்டு எழுதட்டோ?" என்று கேட்டேன். உங்களுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"மீறேல்லை! ஒரு உயிரைக் காப்பாத்தலாம் எண்டில்லை, காப்பாத்து எண்டுதான் எங்கட சட்டமே சொல்லுது. ரெண்டாம் தரம் எடுத்தது பிழையில்லை. முதல் தரம் எடுக்காததுதான்..."

முதல் மணியிலேயே எடுத்திருந்தால் அந்தத் தம்பி தப்பியிருப்பாரா? உங்கள் அம்மாவுக்கும் கடைசிவரை தெரியாது என்றீர்கள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"காப்புறுதிக்காரன் எண்டு தெரிஞ்சும் எடுக்கிறீங்களே. உங்கட மதகுரு ரபியிட்டக் கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை. அவர் கூடாது எண்டிட்டா நான் என்ன செய்யிறது?"

இருவரும் எவ்வளவு நேரம் சிரித்தோம்!

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். "மீறினார்" என்ற சொல் அதில் இல்லை. முடிவில் ஒரு பதில் வேண்டும் என்றார் ஆசிரியை. நான் அந்தத் தம்பியைப் பற்றிய கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன். சரிதானே?

உங்களை அடக்கம் செய்தபின் உங்கள் மகன் வந்து வீட்டை ஒழித்துவிட்டுப் போனார். சாவி எங்களிடம் இருக்கிறது. கட்டில், அலமாரி எல்லாம் போய்விட்டன. தொலைபேசி மட்டும் தரையில் இருக்கிறது. மாத முடிவில் இணைப்பைத் துண்டிப்பார்கள்.

போன சனிக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டுக் காலில் சப்பாத்தும் போட்டுவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"வெறும் வீடு. விடு பிள்ளை, ரயில் போயிடும்" என்றார் அம்மா.

நான் சாவியைத் தேடி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. உங்கள் கதவடியில் போய் நின்றேன். மறுபடி அடித்தது. திறந்து, ஓடிப்போய் எடுத்தேன்.

"ஃப்ராவ் ஹிர்ஷ் இருக்கிறாவோ? காப்புறுதி விஷயமாக..."

"ஆருக்கும் ஆபத்தில்லையே?"

"இல்லை. ஏன்?"

"அப்ப சரி" என்று வைத்தேன். அந்த வெறும் அறையில் என் குரல் உங்களுடையதைப்போலப் பெரிதாகக் கேட்டது.

ரயில் போய்விட்டது. அம்மா ஏசவில்லை. உங்களுக்குத் தெரியும், தஞ்சம் கேட்டுப் புதிதாக வருகிற தமிழர்கள், ஜெர்மன் தெரியாமல், உதவிக்கு அம்மாவைத்தான் கைபேசியில் அழைப்பார்கள். கோயிலுக்குள் அம்மா கைபேசியை நிறுத்திவைப்பது வழக்கம். அன்று கோயில் வாசலில் அதை நிறுத்தாமல் என் கையில் தந்தார். "நான் கும்பிட்டிட்டு வாறன். நீ வெளியில நில். ஆரும் போன் பண்ணினால் எடுத்துக் கதை."

இனிச் சனிக்கிழமைகளில் செருப்புகள் கழற்றி வைக்கும் இடத்தில் நான் நிற்பேன், ஃப்ராவ் ஹிர்ஷ். இரண்டாம் மணி அடிக்க விடமாட்டேன்.

உங்கள் சுவருக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை,
ஆரணி